பீம் மேல் நிற்கும் குழந்தையிடம் எப்படிப் பேசுவது?

ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கான பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம். போட்டியில் அது தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எட்டு வயதுக் குழந்தையின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் குழந்தை அதன்மேல் ஏறி நின்று, பின்பக்கமாக வளைந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை ஊன்றிப் புரள வேண்டும். அந்த நொடியில் அதற்குத் துணையாக இருப்பவை மூன்று: பலமுறை செய்த பழக்கம், கீழே விரித்திருக்கும் மெத்தை, பயிற்சியாளர் சொன்ன சொல். முதல் இரண்டுக்கும் நேரத்தையும் பணத்தையும் செலவழிக்கிறோம். மூன்றாவதை மட்டும் அவரவர் சுபாவத்துக்கு விட்டுவிடுகிறோம். “கொஞ்சம் கோபக்காரர், ஆனா நல்லா சொல்லித் தருவார்” என்று பெற்றோரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

பேசும் விதமும் கற்றுக்கொள்ள வேண்டிய பயிற்சித் திறன்தான். குழந்தையைக் கொஞ்சுவதற்கோ அதன் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதற்கோ மட்டும் அது தேவைப்படுவதில்லை. பயிற்சியாளரின் பேச்சுக்கு ஒரு முதல் வேலை உண்டு: குழந்தை உண்மையைச் சொல்லும்படி செய்வது. பயமாக இருக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது, நீங்கள் சொன்னது புரியவில்லை என்ற மூன்றையும் தயங்காமல் சொல்லும் குழந்தைக்குத்தான் பாதுகாப்பாகச் சொல்லித்தர முடியும்.

இந்த விளையாட்டுக்கு ஏன் தனிக் கவனம்?

முதல் காரணம் வயது. சர்வதேசப் பெரியோர் போட்டிகளில் பங்கேற்கப் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயது 16 என்பது 1997 முதல் உள்ள விதி. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கோமனேச்சி முதல் முழுப் பத்து மதிப்பெண் வாங்கியபோது அவருக்கு வயது 14. விதி மாறியது; ஆனால் 16 வயதில் அந்த மேடைக்குப் போக வேண்டுமானால் ஐந்து, ஆறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை. போட்டி நிலைக்கு வந்த பத்து வயதுக் குழந்தை வாரத்துக்கு 20 மணி நேரம்வரை கூடப் பயிற்சிக்கூடத்தில் இருக்கிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக, சில வாரங்களில் வீட்டைவிட அதிகமாகவே, ஒரே பெரியவரின் குரலை அது கேட்டு வளர்கிறது. அந்தக் குரல் சொல்வதைத் தன்னைப் பற்றிய உண்மையாக அது ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் மதிப்பெண் முறை. ஆட்டம் எவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்டது என்பதற்கான மதிப்பெண் 10இல் தொடங்கிக் கீழே இறங்கும். சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5, விழுந்தால் 1 முழுதாகப் போகும். வருடக்கணக்கில் இதையே பார்த்துப் பழகிய பயிற்சியாளரின் கண், பிழையை மட்டும் தேடும் கண்ணாகிவிடுகிறது. கண்ணில் படுவதெல்லாம் வாயில் வருகிறது: “கால் மடங்குது, விரல் நீட்டலை, தோள் தளருது.” கழிப்பது நடுவரின் வேலை. கட்டுவது பயிற்சியாளரின் வேலை. இந்த இரண்டும் ஒரே வாயில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காரணம் ஆபத்து. ஓட்டப்பந்தயத்தில் ஒருநாள் மனம் ஒட்டாவிட்டால் நேரம் குறையும், அவ்வளவுதான். தலைகீழாகச் சுழலும்போது மனம் தடுமாறினால் கழுத்துக்கோ முதுகெலும்புக்கோ ஆபத்து. ஆகவே குழந்தையின் பயத்தையும் வலியையும் குணக்கோளாறாகப் பார்க்கக் கூடாது. பயிற்சியாளருக்குக் கிடைக்கும் மிக முக்கியமான தகவல்கள் அவை.

தகவல் வராமல் போனால் என்ன ஆகும்?

பிரிட்டனில் 2020இல் முன்னாள் வீராங்கனைகள் பலர் தங்கள் சிறுவயதுப் பயிற்சி அனுபவங்களை வெளியே சொல்லத் தொடங்கினார்கள். அதையடுத்து யுகே ஸ்போர்ட், ஸ்போர்ட் இங்கிலாந்து ஆகிய இரு அமைப்புகளும் வழக்கறிஞர் ஆன் வைட் தலைமையில் விசாரணைக்கு ஏற்பாடு செய்தன. 2022 ஜூனில் வந்த அந்த அறிக்கைக்கு 400க்கும் மேற்பட்டோர் சாட்சியம் அளித்திருந்தார்கள். அந்தச் சாட்சியங்களில் பாதிக்கும் மேலானவை மனரீதியான கொடுமை பற்றிப் பேசின. கத்துவது, பட்டப்பெயர் வைப்பது, மற்றவர் முன்னால் அவமானப்படுத்துவது, வலி என்று சொன்னால் நடிப்பு என்று தள்ளுவது, தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் விடாமல் தடுப்பது, காயத்தோடு பயிற்சி செய்யவைப்பது, அழ அழ உடலை வளைப்பது என்று பட்டியல் நீண்டது. இது ஓரிரு கெட்ட மனிதர்களின் கதை என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்குப் பரவியிருந்தது என்பதுதான் அறிக்கையின் முடிவு. 17 பரிந்துரைகள் தரப்பட்டன. 2023இல் பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு, பயிற்சியாளர்கள் வீராங்கனைகளின் எடையைப் பார்க்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது.

அமெரிக்காவில் லாரி ஹெர்னாண்டஸ் 2016 ரியோ ஒலிம்பிக்கில் அணித் தங்கமும் பீமில் வெள்ளியும் வென்றவர். தன் சிறுவயதுப் பயிற்சியாளரின் வாய்ச்சொல் தன்னை எவ்வளவு காயப்படுத்தியது என்று பின்னாளில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பயிற்சியாளருக்கு 2020இல் 8 ஆண்டு தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 5 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அதே நாட்டில்தான் அணி மருத்துவர் லாரி நாசர் நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்து 2018இல் தண்டிக்கப்பட்டார். வலியைச் சொன்னால் திட்டு விழும், பெரியவர் செய்வதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். அப்படிப்பட்ட கூடத்தில் குற்றவாளிக்கு வேறு மறைவிடமே தேவையில்லை.

திருத்தம் சொல்லும்போது

ஆறு, ஏழு வயதுக் குழந்தையால் ஒரு முயற்சியில் ஒரு விஷயத்தைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும். கைகளில் நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டை எடுத்துக்கொள்வோம். “வயித்தை இறுக்கு, முழங்கை மடக்காதே, தலையை உள்ளே வை, கால் சேர்” என்று நான்கை ஒன்றாகச் சொன்னால் நான்கும் போய்விடும். அன்றைக்குத் தேவையான ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

அந்த ஒன்றையும் எப்படிச் சொல்வது? உடல் இயக்கம் எப்படிக் கற்கப்படுகிறது என்பதை ஆராய்ந்த கேப்ரியேலே வுல்ஃப் போன்றோரின் ஆய்வுகள் ஒரு பயனுள்ள உண்மையைச் சொல்கின்றன. தன் உடலுறுப்பின்மேல் கவனம் வைப்பதைவிட, தான் உண்டாக்க வேண்டிய விளைவின்மேல் கவனம் வைத்தால் இயக்கம் நன்றாக வருகிறது. எனவே “முழங்கையை நேராக்கு” என்பதற்குப் பதிலாக, “தரையை உன்கிட்டேயிருந்து தள்ளு” என்று சொல்லலாம். “முதுகு வளையுது” என்பதற்குப் பதிலாக, “கால் கட்டைவிரலால கூரையைத் தொடப் பாரு” என்று சொல்லலாம். முழங்கையும் முதுகும் தாமாகவே நேராகும்.

செய்யக் கூடாததைச் சொல்வதைவிட, செய்ய வேண்டியதைச் சொல்வது குழந்தைக்குச் சுலபம். “கீழே பார்க்காதே” என்றால் அது கீழேதான் பார்க்கும். “பீமோட அந்தக் கோடியைப் பாரு” என்றால் பார்வைக்கு ஒரு இடம் கிடைக்கிறது. “ஒழுங்கா பண்ணு” என்பதில் எந்தத் தகவலும் இல்லை. எது ஒழுங்கு என்று தெரிந்திருந்தால் குழந்தை முன்பே அப்படிச் செய்திருக்கும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். குழந்தை காற்றில் இருக்கும்போது எதுவும் கத்தாதீர்கள். இறங்கி நிற்கட்டும், ஒரு மூச்சு விடட்டும். “இப்ப எப்படி இருந்துச்சு, எங்கே வழுக்கின மாதிரி தோணுச்சு?” என்று முதலில் அதனிடம் கேளுங்கள். பெரும்பாலும் குழந்தையே சரியாகச் சொல்லிவிடும். தன் உடலைத் தானே கவனிக்கக் கற்ற குழந்தை, நீங்கள் அருகில் இல்லாத போட்டி மேடையிலும் தன்னைத் திருத்திக்கொள்ளும். திருத்தம் சொன்ன பிறகு, “நான் சொன்னதை உன் வார்த்தையில சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுவிடுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் தலையாட்டும்.

பாராட்டும்போது

“சூப்பர்”, “வெரிகுட்” என்று எல்லாவற்றுக்கும் சொன்னால் அது வெறும் சத்தமாகிவிடும். எதைப் பாராட்டுகிறோம் என்று தெரிய வேண்டும்: “போன வாரம் இறங்கும்போது மூணு அடி தள்ளாடினே. இன்னைக்கு முழங்காலை மடக்கி அப்படியே நின்னுட்டே.” இந்தச் சொல் குழந்தைக்கு மகிழ்ச்சியையும் தருகிறது, எது சரியாக வந்தது என்ற பாடத்தையும் தருகிறது.

“நீ பிறவி ஜிம்னாஸ்ட்”, “உனக்கு ரத்தத்திலேயே இருக்கு” போன்ற பாராட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடத் தோல்விக்குப் பின் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் இது நேராகப் பொருந்தும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் திடீரென்று வளரும். எடையும் உயரமும் மாறும். நேற்றுவரை வந்த பல்டி இன்றைக்கு வராது. “பிறவித் திறமை” என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, திறமை தன்னைவிட்டுப் போய்விட்டது என்று நினைக்கும். உழைப்பைப் பாராட்டிக் கேட்ட பிள்ளை, புது உடலுக்கு ஏற்ப மறுபடி பழக வேண்டும் என்று நினைக்கும்.

பயப்படும்போது

பின்பக்கமாகப் போகும் எந்த அசைவிலும் குழந்தைக்கு ஒருநாள் பயம் வரும். நன்றாகச் செய்துகொண்டிருந்ததே திடீரென்று நின்றுபோகும். கை தூக்கி, தயாராகி, பிறகு இறக்கிவிடும். இந்த இடத்தில்தான் பயிற்சியாளரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. “நேத்து பண்ணினியே, இன்னைக்கு என்ன நாடகம்?”, “பண்ற வரைக்கும் இறங்கக் கூடாது”, “உன்னைவிடச் சின்னப் பிள்ளை பண்ணுது பாரு” என்ற மூன்று வாக்கியங்களும் உலகத்தின் எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் ஏதோ ஒரு மொழியில் ஒலிக்கின்றன. இவற்றைக் கேட்ட குழந்தைக்குப் பயம் போவதில்லை. பீம் மேல் இருந்த பயத்தோடு உங்கள்மேல் ஒரு பயமும் சேர்கிறது. இரண்டு பயத்தோடு அரைமனதாகத் தாவும் குழந்தைதான் விழுந்து அடிபடுகிறது.

செய்யக்கூடியது எளிது. பயத்தை அளக்கச் சொல்லுங்கள். “பயம் எவ்வளவு, விரல்ல காட்டு” என்றால் நான்கு வயதுக் குழந்தையும் காட்டும். ஐந்து விரலும் விரிந்தால் ஒரு படி இறங்குங்கள்: உயரமான பீமிலிருந்து மெத்தை அடுக்கிய பீமுக்கு, அதிலிருந்து தாழ்வான பீமுக்கு, அதிலிருந்து தரையில் போட்ட கோட்டுக்கு. “எந்தப் படி வரைக்கும் உனக்கு நிம்மதியா இருக்கு?” என்று கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு விரல் வந்ததும் ஒரு படி ஏறலாம். இறங்குவது தண்டனை இல்லை என்று குழந்தைக்குப் புரிவது உங்கள் குரலில்தான் இருக்கிறது.

அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் அணி இறுதிப்போட்டியில் வால்ட் என்ற தாவலைச் செய்தபோது, இரண்டரைத் திருகல் செய்ய வேண்டிய இடத்தில் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே தப்பிப்போயிருந்தது. அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். ஒரு வாரம் கழித்துப் பீமில் வெண்கலமும், 2024இல் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். டோக்கியோவில் அவருக்கு 24 வயது. உலகமே அறிந்த பெயர். “முடியாது” என்று சொல்லும் துணிவு இருந்தது. எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தத் துணிவு தானாக வராது. “இன்னைக்கு வேண்டாம்னு தோணினா சொல்லு, நான் கோபப்பட மாட்டேன்” என்று நாம்தான் முன்கூட்டியே அந்த உரிமையைத் தர வேண்டும். சொன்னபடி கோபப்படாமலும் இருக்க வேண்டும்.

வலி என்று சொல்லும்போது

வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தகடு என்ற மென்மையான பகுதி உண்டு. கையை ஊன்றி ஊன்றிச் செய்யும் இந்த விளையாட்டில் மணிக்கட்டில் இருக்கும் அந்தத் தகடு எளிதில் பாதிக்கப்படும். முதுகைப் பின்னால் வளைப்பதால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் வருவதும் இந்த விளையாட்டில் அறிந்த காயம்தான். இரண்டும் முதலில் லேசான வலியாகத்தான் தொடங்கும். அந்த நேரத்தில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். மறைத்துக்கொண்டு தொடர்ந்தால் மாதக்கணக்கில் முடக்கும்.

“ரொம்ப வலிக்குதா?” என்று முறைத்துக் கேட்டால் “இல்லை சார்” என்றுதான் பதில் வரும். “எங்கே வலிக்குது, ஒரு விரலால தொட்டுக் காட்டு. எப்ப ஆரம்பிச்சுது? எதைச் செஞ்சா கூடுது?” என்று கேளுங்கள். “சொன்னது நல்லதாப் போச்சு” என்று முடியுங்கள். மற்ற குழந்தைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வலியைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் அந்த ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள்.

உடலைத் தொடுவதும் இதோடு சேர்ந்ததுதான். இந்த விளையாட்டில் தாங்கிப் பிடிக்காமல் சொல்லித்தர முடியாது. “இடுப்புல ஒரு கை, முதுகுல ஒரு கை வெச்சுத் தாங்கப் போறேன், சரியா?” என்று ஒவ்வொரு புதுப் பயிற்சிக்கு முன்பும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். கால்களை விரித்து நீட்டி ஸ்ப்ளிட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தோளை அழுத்தும்போது “போதும்” என்று அது சொன்னால் அந்த நொடியே கை எடுபட வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்

இதில் நெளிவு சுளிவுக்கு இடமில்லை. அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச்சிடம் 1988இல் ஒரு போட்டியின்போது நடுவர் ஒருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். உணவை மறுக்கும் நோய்க்கு ஆளான அவர் 1994இல், 22 வயதில், உடலுறுப்புகள் செயலிழந்து இறந்தார். அந்த நோய்க்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் பெரியவர்களின் வாய்ச்சொல் அதைத் தூண்டிவிடவும் வளர்க்கவும் முடியும். போதிய உணவில்லாமல் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது, எலும்பு பலவீனமாகிறது, காயம் கூடுகிறது. “குண்டு”, “இந்த வாரம் ஊதிட்டே”, “தீபாவளிப் பலகாரம் தெரியுது” என்ற கேலி எதுவும் பயிற்சிக்கூடத்தில் ஒலிக்கக் கூடாது. உணவு பற்றி உண்மையான கவலை இருந்தால் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் தனியாகப் பேசுங்கள்.

“கண்டிப்பு இல்லாமல் பதக்கம் வருமா?”

நியாயமான கேள்வி. கண்டிப்பு வேண்டும். நேரத்துக்கு வருவது, மற்றவர் இறங்கும் மெத்தையில் ஓடாமல் இருப்பது, சொன்ன எண்ணிக்கையை முடிப்பது ஆகியவற்றில் தளர்வு கூடாது. ஆனால் கண்டிப்பு என்பது விதி. கத்தல் என்பது கோபம். ஒரு குழந்தை தாவி இறங்கும் இடத்தில் இன்னொன்று குறுக்கே ஓடினால் “நில்!” என்று கூடமே அதிரக் கத்தத்தான் வேண்டும். நாள் முழுதும் கத்துபவரின் குரலுக்கு அந்த நொடியில் யாரும் நிற்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற இரு உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் அணிகளின் பயிற்சியாளர்களுக்குப் பேசும் முறையைக் கற்றுத்தந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நல்லதைக் கண்டால் சொல்வது, தவறினால் ஊக்கம் தந்து பிறகு திருத்தம் சொல்வது, அவமானப்படுத்தாமல் இருப்பது என்பவைதான் பாடம். அந்தப் பயிற்சி பெற்றவர்களின் அணிகளில் அடுத்த ஆண்டு விளையாட்டை விட்டுப்போன பிள்ளைகள் 5 சதவீதம். பெறாதவர்களின் அணிகளில் 26 சதவீதம். தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளுக்கே அதிகப் பலன் கிடைத்தது.

பைல்ஸைச் சிறுமியாக இருந்தது முதல் 2016 ரியோ வரை பயிற்றுவித்த ஏமி போர்மன், பிள்ளையின் களைப்பையும் மனநிலையையும் பார்த்துப் பயிற்சியை அமைப்பவர் என்று பெயர் பெற்றவர். ரியோவில் அந்தப் பிள்ளை வாங்கியது நான்கு தங்கமும் ஒரு வெண்கலமும்.

போட்டி நாளும் வீடும்

போட்டி நாளில் புதிதாக எதையும் சொல்லித்தராதீர்கள். பழகிய ஒரு குறிச்சொல் போதும். விழுந்து எழுந்த குழந்தையிடம் முதல் சொல் “அடி பட்டுச்சா?” என்பதாக இருக்கட்டும். மதிப்பெண் பலகையைப் பார்த்த முகத்தை அப்படியே குழந்தையின் பக்கம் திருப்பாதீர்கள். பிழைகளை அடுத்த பயிற்சியில் பேசிக்கொள்ளலாம்.

பெற்றோர் வீடு திரும்பும் வழியில் “ஏன் விழுந்தே?” என்று தொடங்க வேண்டாம். பயிற்சியை உட்கார்ந்து பார்க்கலாமா, அடிபட்டால் யார் எப்போது சொல்வார்கள், எடை பார்க்கிறார்களா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். பார்க்கவே விடாத கூடம் என்றால் யோசியுங்கள். “வீட்டுல சொல்லாதே” என்று எந்தப் பெரியவராவது சொன்னதாகக் குழந்தை சொன்னால் அன்றைக்கே விசாரியுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் இந்தியாவில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

பயிற்சியாளர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. வார இறுதியில் யோசித்துப் பாருங்கள்: இந்த வாரம் எத்தனை குழந்தைகள் தாமாக வந்து “பயமா இருக்கு”, “வலிக்குது”, “புரியலை” என்று உங்களிடம் சொன்னார்கள்? இத்தனை கடினமான விளையாட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால், எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் சொல்ல முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை முதல் பேச்சை மாற்றுங்கள்.